பாடகர்களின் தொண்டைக்கும் மூக்குக்கும் அந்தக் காலத்தில் என்ன வைத்தியம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் குரல் கம்மினாலே கவலைப்படுகிறார்கள். "அந்தக் காலத்துப் பெரிய பாடகர்கள் எல்லாம் என்ன செய்தார்கள்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பாடகர், நடிகர், பாதிரியார், வக்கீல், ஆசிரியர் என்று குரலை வைத்துப் பிழைத்தவர்களுக்கு நடந்த வைத்தியத்தின் வரலாறு இது. பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்தது. தொண்டை வைத்தியம் தனித் துறையாக வளர்ந்தது அங்கேதான் என்பதால் கதையும் அங்கேயே இருக்கிறது.

குரல்வளையைப் பார்க்கவே வழியில்லாத காலத்தில் எதை நம்பி வைத்தியம் செய்தார்கள்?

குரல் எங்கிருந்து வருகிறது என்ற அறிவு ஓரளவு இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த காலன் என்ற வைத்தியர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் ஒரு நரம்பைக் கட்டியதும் அது சத்தமில்லாமல் போனதைக் கூட்டத்தின் முன் காட்டினார். கழுத்துக் கட்டியை எடுக்கப்போய் அந்த நரம்பை அறுத்துவிட்டதால் குரல் போன ஒரு சிறுவனைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். குரல்வளைக்குப் போகும் நரம்பு மூளையோடு தொடர்புடையது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வைத்தியமோ பெரும்பாலும் பத்தியமாகவே இருந்தது. மேடையில் பாடுவதில் வெறிகொண்டிருந்த ரோமப் பேரரசன் நீரோ, மல்லாந்து படுத்து மார்பில் ஈயத் தகட்டை வைத்துக்கொள்வானாம். வயிற்றைக் கழுவிக்கொள்வான், வாந்தி எடுப்பான், குரலுக்கு ஆகாதென்று பழங்களைத் தொடமாட்டான் என்று ரோம வரலாற்று எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் எண்ணெய் விட்ட வெங்காயத் தாளைத் தவிர வேறெதையும் சாப்பிடமாட்டான் என்பது இன்னொரு ரோம எழுத்தாளரான பிளினி தரும் தகவல்.

இந்தியாவில் சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் குரல் கெடுவதை ஆறு வகையாகப் பிரிக்கிறது. வீங்கித் தொங்கும் உள்நாக்கைப் பிடித்து இழுத்து, மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டவேண்டும் என்றும் சொல்கிறது. அதிகம் வெட்டினால் ரத்தம் நிற்காமல் ஆள் இறக்கலாம், குறைத்து வெட்டினால் வீக்கம் தங்கிவிடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது உள்நாக்குதான். கண்ணுக்குத் தெரிவதன் மேல் கை வைப்பது என்ற பழக்கம் அதன்பிறகும் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

பாடகர்களுக்கென்றே தனி மூலிகை இருந்ததா?

இருந்தது. பிரான்சில் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைப் பாடகர் செடி என்றே அழைத்தார்கள். அதிலிருந்து காய்ச்சிய எரிசிமம் சிரப் தொண்டை கட்டியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 1687-ல் கவிஞர் புவாலோவுக்குக் குரல் போய்விட்டது. அவர் பூர்போன் என்ற ஊரின் ஊற்றுநீரைக் குடிக்கப் போனார். நாடக ஆசிரியர் ரசீன் அவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சிரப்பால் குரல் திரும்பிய ஒரு தேவாலயப் பாடகரைப் பற்றிச் சொல்லி அதைக் குடித்துப் பார்க்கச் சொன்னார். இவர்கள் இருவரும் பிரெஞ்சு இலக்கியத்தின் தூண்கள். தொண்டை கட்டினால் அவர்களும் நம்மைப்போலவே பக்கத்து வீட்டு அனுபவத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்தச் செடியைச் சேர்த்த மிட்டாய்கள் பிரான்சில் இன்றும் விற்கின்றன.

தொண்டைக் கண்ணாடியைக் கண்டுபிடித்தது பாட்டு வாத்தியார் என்பது உண்மையா?

உண்மை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

மனுவேல் கார்சியா 1805-ல் பிறந்தவர். அப்பா புகழ்பெற்ற டெனர் (ஆண்களின் உச்சக் குரல்) பாடகர். தங்கைகள் மரியா மலிப்ரானும் பவுலின் வியார்டோவும் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர்கள். இவருக்கு மேடைக் குரல் நிலைக்கவில்லை, ஆசிரியரானார். பாடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி அவரை விடவே இல்லை. செத்த விலங்குகளின் குரல்வளையை வாங்கிவந்து காற்று ஊதிச் சோதித்துக்கூடப் பார்த்தார். ஆனால் உயிரோடு பாடும் தொண்டையைப் பார்க்க வழி தெரியவில்லை.

1854-ல் லண்டனிலிருந்து பாரிசுக்கு வந்திருந்தபோது, பாலே ரோயால் பகுதியில் நடந்துகொண்டிருந்தவருக்குச் சூரிய ஒளி மின்னிய ஒரு கணத்தில் யோசனை பிறந்தது. நேராகக் கருவி செய்யும் ஷாரியேரின் கடைக்குப் போனார். நீண்ட கைப்பிடி உள்ள பல் வைத்தியக் கண்ணாடி ஒன்று அங்கே விலைபோகாமல் கிடந்தது. ஆறு பிராங்க் கொடுத்து வாங்கினார். வெந்நீரில் காட்டித் துடைத்து உள்நாக்கின் மேல் சாய்த்து வைத்து, இன்னொரு கையிலிருந்த கண்ணாடியால் சூரிய ஒளியைத் தன் வாய்க்குள் திருப்பினார். குரல்வளை முழுவதும் விரிந்து தெரிந்தது. மூச்சுக்குழாயின் ஒரு பகுதியும் தெரிந்தது.

அடுத்த ஆண்டு, 1855-ல், மனிதக் குரல் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அதில் நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. குரல் நாண்கள் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்புகள்) எப்போது சேர்கின்றன, உச்சத்தில் எவ்வளவு இறுகுகின்றன, மார்புக் குரலுக்கும் தலைக் குரலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பாட்டு வாத்தியார் கேட்கக்கூடிய கேள்விகளுக்கே அதில் பதில் இருந்தது. 1905-ல் அவருடைய 100-ஆவது பிறந்தநாளை லண்டனில் கொண்டாடியபோது உலகின் பல நாடுகளிலிருந்தும் தொண்டை டாக்டர்கள் வந்து வணங்கினார்கள். மறு ஆண்டு காலமானார்.

அந்தக் கண்ணாடி டாக்டர்கள் கைக்கு எப்படிப் போனது?

1857-ல் வியன்னாவில் லுட்விக் டூர்க் என்ற டாக்டர் நோயாளிகளிடம் இத்தகைய கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். சூரிய ஒளியை நம்பியிருந்ததால் குளிர்காலம் வந்ததும் நிறுத்திவைத்தார். அவரிடம் கண்ணாடியைக் கடன் வாங்கிய யோஹான் செர்மாக், விளக்கொளியைக் குழிவான ஆடியால் குவித்துத் தொண்டைக்குள் செலுத்தினார். இரவிலும் மழையிலும் பார்க்க முடிந்தது. 1858-ல் அதை எழுதி வெளியிட்டார். யார் முதலில் என்று இருவருக்கும் பெரிய சண்டை மூண்டது. அதில் நாம் நுழைய வேண்டாம்.

செர்மாக்கிடம் போய்க் கற்றுவந்த இளம் ஆங்கிலேய டாக்டர் மொரெல் மெக்கன்சி. அவர் 1863-ல் லண்டனில் தொண்டை நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பாடகர்களும் நடிகர்களும் அவரைத் தேடிப் போனார்கள். குரலைப் பேணுவது பற்றி 1886-ல் அவர் எழுதிய நூல் டாக்டர்களையும் தாண்டிப் பொதுமக்களிடம் பரவியது.

பார்க்க முடிந்த பிறகு என்ன செய்தார்கள்?

சுட்டார்கள், பூசினார்கள், கிள்ளி எடுத்தார்கள். இப்படிச் சொல்ல வருத்தமாக இருந்தாலும் அதுதான் நடந்தது.

பூசுவது கண்ணாடிக்கு முன்பே தொடங்கியது. நியூயார்க்கில் ஹோரஸ் கிரீன் என்ற டாக்டர், வளைந்த திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் பஞ்சு கட்டி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்துக் குரல்வளைக்குள்ளேயே விடுவார். 1846-ல் அதை நூலாக எழுதினார். குரல்வளைக்குள் குச்சி போகவே போகாது, போனால் ஆள் மூச்சடைத்துச் செத்திருப்பான் என்று சக டாக்டர்கள் அவரைப் பொய்யன் என்றார்கள். கண்ணாடி வந்த பிறகு குச்சி போகும் என்பது உறுதியானது. அவ்வளவுதான், சில்வர் நைட்ரேட் எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. தொண்டை சிவந்திருந்தால் பூச்சு, பின்சுவரில் சிறுசிறு பருக்கள் தெரிந்தால் பூச்சு. அது திசுவின் மேல்தோலைக் கருக்கும் ரசாயனம். உயர்ந்த ஸ்தாயியில் மெல்லிய நுட்பங்களைப் பாடவேண்டிய ஒருவருக்கு வாரக்கணக்கில் அதைப் பூசியிருக்கிறார்கள்.

அப்புறம் மின்சாரம் வந்தது. பேட்டரியில் பழுக்கவைத்த பிளாட்டினக் கம்பியால் மூக்கிலும் தொண்டையிலும் சூடு வைப்பது 1880-களில் பரவலானது. குரல் நாணில் வளர்ந்த சதையைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எடுப்பதும் சாத்தியமானது. டூபிங்கனில் விக்டர் ஃபான் புரூன்ஸ் 1861-ல் தன் சொந்தத் தம்பியின் குரல்வளையிலிருந்து சதை வளர்ச்சியை எடுத்தார். மரத்துப்போக மருந்து இல்லாத காலம். குமட்டாமல் கருவியைத் தாங்கிக்கொள்ளத் தம்பியை வாரக்கணக்கில் பழக்கவேண்டியிருந்தது. கண்ணாடியில் முன்பின் மாறித் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி அசையும் நாணில் கத்தி வைப்பது லேசான காரியமல்ல. அந்தக் கைத்திறனை மதிக்காமல் இருக்க முடியாது.

பேச்சே எழாமல் போனவர்களுக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதும் உண்டு. மெக்கன்சியே குரல் நாணைத் தொடும்படி ஒரு மின்முனை செய்துவைத்திருந்தார். நாணில் குறை எதுவும் இல்லாமல், அதிர்ச்சியாலோ மனக்கலக்கத்தாலோ குரல் அடங்கிப்போனவர்களுக்கு அதில் சட்டென்று குரல் திரும்பியது உண்டு.

கோகெய்ன் கொடுத்தார்கள் என்கிறார்களே?

ஆமாம், தாராளமாகக் கொடுத்தார்கள்.

1884 செப்டம்பரில் வியன்னா டாக்டர் கார்ல் கொல்லர், கோகெய்ன் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று அறிவித்தார். சில வாரங்களிலேயே அதே ஊரில் எட்மண்ட் யெலினெக் அதைத் தொண்டையிலும் மூக்கிலும் பயன்படுத்தினார். இது பெரிய விடுதலை. குமட்டல் நின்றது, வலி நின்றது, நிதானமாக அறுவை செய்ய முடிந்தது. அந்தப் பயன்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கெடுதல் வேறு பக்கம் நடந்தது. அதற்கு முன்பே பாரிசில் ஆஞ்செலோ மரியானி 1863 முதல் கோக்கா இலை ஊறிய திராட்சை மதுவை விற்றுவந்தார். பாரிசின் தொண்டை டாக்டர் ஷார்ல் ஃபோவெல் பாடகர்களுக்குக் கோக்காவைக் குரல் மருந்தாகவே பரிந்துரைத்தார். பிறகு கோகெய்ன் சேர்த்த தொண்டை மிட்டாய், மூக்கில் உறிஞ்சும் பொடி, ஸ்ப்ரே எல்லாம் கடையில் கேட்டாலே கிடைத்தன. கோகெய்ன் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அதனால் வீக்கம் வடிந்து மூக்கு திறக்கும். வலியும் தெரியாது, உற்சாகமும் பொங்கும். மாலை நிகழ்ச்சி வைத்திருக்கும் பாடகருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

வலி தெரியாததுதான் ஆபத்து. வீங்கிய நாண் எப்போது எல்லை தாண்டுகிறது என்று உடம்பு சொல்லும் முக்கியமான செய்தி அந்த வலியும் இறுக்கமும்தான். அதை அடக்கிவிட்டு இரண்டு மணி நேரம் முழுக்குரலில் பாடினால் அடுத்த வாரத்துக்குக் குரலே இல்லாமல் போகலாம். மருந்து தெளிந்ததும் மூக்கு முன்பைவிட அதிகம் அடைக்கும், மறுபடி மருந்து தேடும், பழக்கமாகும். அமெரிக்காவில் 1914-லும் பிரிட்டனில் 1920-லும் சட்டம் வந்து கட்டுப்படுத்தும்வரை இது ஓடியது. இந்த வரலாறு முழுக்க நான் கண்ட ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடகர்களுக்குப் பெரிய கெடுதல் செய்த வைத்தியங்களில் பெரும்பாலானவை, "இன்றைக்கு ராத்திரி எப்படியாவது பாடியாக வேண்டும்" என்ற நெருக்கடிக்குப் பதிலாக வந்தவை.

உள்நாக்கையும் டான்சிலையும் வெட்டியது குரலுக்காகவா?

பல சமயம் குரலுக்காகவேதான். 1841-ல் பெர்லினில் டீஃபென்பாக் திக்குவாய்க்காக நாக்கின் அடிச்சதையை வெட்டத் தொடங்கினார், ஐரோப்பா முழுக்க அது ஒரு வெறிபோலப் பரவி ஓய்ந்தது. அதே ஆண்டுகளில் லண்டனில் ஜேம்ஸ் இயர்ஸ்லி, திக்குவாய்க்கும் குரல் குறைகளுக்கும் டான்சிலையும் உள்நாக்கையும் வெட்டினார். தொங்கிய உள்நாக்கு தொண்டையை உரசி இருமலையும் கரகரப்பையும் உண்டாக்குகிறது என்பது அந்த நூற்றாண்டு முழுக்க நிலவிய நம்பிக்கை. பிரசங்கிகளும் வக்கீல்களும் அதன் நுனியை வெட்டிக்கொண்டார்கள். குரல் கெட்டதற்குக் காரணம் கீழே குரல் நாணில் இருந்தது. வெட்டுப்பட்டது மேலே கைக்கு எட்டிய இடம்.

டான்சிலைச் சீவும் கில்லட்டின் வகைக் கருவி 1828-லேயே அமெரிக்காவில் பிலிப் ஃபிசிக் செய்துவிட்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டான்சிலை முழுதாக எடுப்பது பெருவழக்கமானது. பாடகர்கள் மட்டும் பயந்தார்கள். அந்தப் பயம் வீணல்ல. டான்சிலைச் சுற்றியுள்ள தசைகள் மேலண்ணத்தை இழுப்பவை. அவை காயப்பட்டுத் தழும்பு விழுந்தால் ஒலியின் நிறமே மாறும். அடிக்கடி சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அறுவையால் நன்மையே கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூக்குக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தார்கள்?

மூக்கடைப்புக் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியும். ஆனால் மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர் கோபன்ஹேகன் டாக்டர் வில்ஹெல்ம் மேயர், 1868-ல்தான். அவரிடம் வந்த ஒரு இளம்பெண்ணுக்குக் காது மந்தம், பேச்சில் ஒலியே செத்திருந்தது. விரலை வாய் வழியாக மேலே விட்டுப் பார்த்தபோது மூக்கின் பின்பகுதி முழுக்க மெத்தென்ற சதை. வளைய வடிவக் கத்தியை மூக்கு வழியே விட்டுச் சுரண்டி எடுத்தார். பேச்சும் காதும் தெளிந்தன. வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டு, மந்தமானவர்கள் என்று பேர் வாங்கிய எத்தனையோ குழந்தைகளின் வாழ்க்கையை இது மாற்றியது. அவருக்குக் கோபன்ஹேகனில் சிலை இருக்கிறது, தகுதியான சிலை.

இதற்கு நேர்மாறான கதையும் அதே காலத்தில்தான் நடந்தது. 1880-களில் ஃப்ரைபுர்கில் வில்ஹெல்ம் ஹாக், ஆஸ்துமா, தலைவலி உள்பட எத்தனையோ நோய்களுக்கு மூக்கின் உட்சதைதான் மூலம் என்றார். சதையைச் சுட்டால் நோய் தீரும் என்றார். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபிளீஸ் இன்னும் தூரம் போய் மூக்கை உடம்பு முழுவதோடும் இணைத்தார். பாடகர்களின் மூக்குகளும் இந்த அலையில் சிக்கின. மூக்கின் உட்சதை வீணான சதை இல்லை. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தருவது அதுதான். அதிகமாகச் சுட்டோ வெட்டியோ எடுத்தவர்களுக்கு மூக்கு வறண்டு பொருக்குத் தட்டியது, வறண்ட காற்று நேரே குரல் நாணில் மோதியது.

வளைந்த நடுச்சுவரைச் சரிசெய்யும் முறை மட்டும் நிதானமாக முன்னேறியது. சிகாகோவில் ஃப்ரீயர் 1902-லும், ஃப்ரைபுர்கில் கில்லியன் 1904-லும், மேல்தோலைக் காப்பாற்றி உள்ளிருக்கும் குருத்தெலும்பை மட்டும் எடுக்கும் முறையை விளக்கினார்கள். அதற்கு முன் ரம்பத்தால் அறுப்பதும் உண்டு.

பாதிரியார் தொண்டை என்று ஒரு நோயே இருந்ததாமே?

19-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவ நூல்களில் அது ஒரு தனி நோய். வாரம் முழுக்க மெதுவாகப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி இல்லாத பெரிய கல் கட்டடத்தில் இரண்டு மூன்று முறை உரத்துப் பிரசங்கம் செய்தவர்களுக்கு வந்த தொண்டை எரிச்சலும் குரல் சோர்வும் அது. சில்வர் நைட்ரேட், உள்நாக்கு வெட்டு, கடற்கரை ஓய்வு, வெளிநாட்டுப் பயணம் என்று எல்லாம் எழுதிக்கொடுத்தார்கள். இவற்றில் குணம் தந்தது ஓய்வும் பயணமும்தான் என்று நினைக்கிறேன். இன்று முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாள் முழுக்கக் கத்தும் நம் பள்ளி ஆசிரியர்களுக்கு வருவதும் கிட்டத்தட்ட இதே தொல்லைதான்.

ஆவி பிடிப்பது, ஊற்றுநீர், மூச்சுக்குழல் கருவிகள்?

ஆவி பிடிப்பது எல்லா ஊரிலும் இருந்தது. சாம்பிராணி வகைப் பிசின் சேர்த்த வெந்நீர் ஆவி இங்கிலாந்தில் வீட்டு வைத்தியம். 1858-ல் பிரான்சில் சால் ஜிரோன் மருந்து நீரைத் தூவலாக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். இன்றைய நெபுலைசரின் பாட்டனார் என்று அதைச் சொல்லலாம். பணமுள்ள பாடகர்கள் கோடையில் ஜெர்மனியின் எம்ஸ், பிரான்சின் மோன் தோர், கோத்தரே போன்ற ஊற்றூர்களுக்குப் போய் நீரைக் குடித்து, கொப்பளித்து, மூக்கைக் கழுவி, ஆவியை உள்ளிழுத்தார்கள். எம்ஸ் உப்பில் செய்த மிட்டாய் இன்றும் கடைகளில் உண்டு.

1880-களில் அம்மோனியாஃபோன் என்று ஒன்று வந்தது. இத்தாலியப் பாடகர்களின் குரல் இனிமைக்கு அந்த நாட்டுக் காற்றிலுள்ள அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும்தான் காரணம் என்றார் ஸ்காட்லாந்து வேதியியலாளர் கார்ட்டர் மோஃபட். அந்தக் காற்றைச் செயற்கையாக நிரப்பியதாகச் சொன்ன ஒரு நீண்ட உலோகக் குழாயை விற்றார். உறிஞ்சினால் குரல் இத்தாலியக் குரலாகும் என்று விளம்பரம் செய்தார்கள். பிரசங்கிகளும் பாடகர்களும் வாங்கினார்கள். இத்தாலியர்கள் பிள்ளைப் பருவத்திலிருந்து பாடிப் பழகிய ஆண்டுகளை அந்தக் குழாயில் அடைக்க முடியாது.

ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் ஃப்ரெட்ரிக்கின் தொண்டை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அவர் பாடகர் இல்லை. ஆனால் பொறுத்துப் பார்க்காமல் சுடுவது, அல்லது நம்பிக்கையில் காத்திருப்பது, இரண்டின் விலையையும் உலகம் பார்த்தது அவரிடம்தான். 1887 ஜனவரியில் பட்டத்து இளவரசராக இருந்த அவருக்குக் குரல் கம்மியது. பெர்லினில் பேராசிரியர் கெர்ஹார்ட் குரல் நாணில் சிறு வளர்ச்சியைக் கண்டு, பழுத்த கம்பியால் பலமுறை சுட்டார். பிறகு எம்ஸ் ஊற்றுக்கு அனுப்பினார்கள். வளர்ச்சி திரும்ப வந்தது. மே மாதம் ஜெர்மானிய டாக்டர்கள் குரல்வளையைத் திறந்து அறுவை செய்ய நினைத்தபோது, லண்டனிலிருந்து மெக்கன்சி அழைக்கப்பட்டார். அவர் எடுத்த சதைத் துணுக்குகளைப் பரிசோதித்த ஜெர்மானிய நோயியல் நிபுணர் விர்ஷோ, புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை என்றார். அறுவை நின்றது. நவம்பரில் புற்றுநோய் என்பது தெளிவானது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குக் கழுத்தில் துளை போட்டார்கள். மார்ச்சில் பேரரசர் ஆனார், பேச முடியாமல் சீட்டில் எழுதிக் காட்டி ஆண்டார். 99 நாள்தான், ஜூன் 15 அன்று இறந்தார். இரு நாட்டு டாக்டர்களும் புத்தகம் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். துணுக்கு பரிசோதனையில் தெளிவாக இல்லையென்றால் மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும் என்ற பாடம் மருத்துவத்துக்கு மிஞ்சியது.

குரல் நாணில் முடிச்சு விழுந்த பாடகர்களுக்கு என்ன செய்தார்கள்?

இரண்டு பெரிய உதாரணங்களைச் சொல்கிறேன்.

1841-ல் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் பாரிசில் கார்சியாவிடம் வந்தார். வயது இருபது. தொடர்ந்து ஓபரா என்ற இசை நாடகங்களில் பாடிக் குரல் தேய்ந்திருந்தது. பாடச் சொல்லிக் கேட்ட கார்சியா, உங்களுக்குச் சொல்லித்தர இப்போது குரலே இல்லை என்றார். ஆறு வாரம் பாடக்கூடாது, முடிந்தவரை பேசவும் கூடாது, பிறகு வாருங்கள் என்று அனுப்பினார். அந்தப் பெண் அப்படியே இருந்தாள். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதன்பிறகு மாதக்கணக்கில் மூச்சிலிருந்து தொடங்கிப் பாடம் நடந்தது. அவர் தொண்டைக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை, கண்ணாடி வர இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. ஆனால் மருந்தே இல்லாத அந்த வைத்தியத்துக்குப் பின்தான் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரைக் கொண்டாடின.

இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோ 1909-ல் அறுவைக்குப் போனார். நியூயார்க்கில் ஓய்வில்லாமல் பாடிக் குரல் சிக்கலான பின், மிலான் நகரில் டாக்டர் டெல்லா வெதோவா குரல் நாணிலிருந்த வளர்ச்சியை நீக்கினார். அந்த நவம்பரிலேயே நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவின் பருவத்தைத் தொடங்கிவைத்துப் பாடினார். அவர் குரல் பிழைத்தது. அதே அறுவை எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. நாணின் மேல்தோல் மிக மெல்லியது, அடியில் உள்ள படலம் வரை கிள்ளிவிட்டால் தழும்பு விழுந்து நாண் அதிரவே மறுக்கும். நாண் அதிர்வதை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பை மியூனிக்கில் எர்ட்டெல் 1878-லேயே குரல்வளையில் பயன்படுத்தினார். எனினும் நாணின் படலங்களின் அமைப்பை ஜப்பானின் மினோரு ஹிரானோ 1970-களில் விளக்கிய பிறகுதான், எவ்வளவு ஆழத்தில் நிறுத்தவேண்டும் என்பது தெளிவானது.

இடைப்பட்ட காலத்தில் நியூயார்க்கில் ஓபரா பாடகர்களைப் பார்த்துவந்த ஹோல்புரூக் கர்ட்டிஸ் போன்றவர்கள், தவறாகக் குரல் எழுப்புவதால் வருவதைச் சரியாகக் குரல் எழுப்பித்தான் போக்கவேண்டும் என்றார்கள். 1896-ல் அவர் எழுதிய நூலே குரல் பயிற்சி பற்றியது. கத்தியும் கையுமாக இருந்த டாக்டர்கள் நடுவில் அது துணிச்சலான பேச்சு.

கழுத்து அறுவையால் குரல் போன பாடகி யார்?

அமெலிதா கல்லி குர்ச்சி. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாடகி. 1935-ல் சிகாகோவில் அவருடைய பெரிய கழலை (கழுத்திலுள்ள தைராய்டு வீக்கம்) அகற்றப்பட்டது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து கொடுத்து, இடையிடையே குரல் எழுப்பச் சொல்லிச் செய்தார்கள். மறு ஆண்டு சிகாகோ மேடையில் பாடியபோது பழைய குரல் இல்லை. உச்ச ஸ்தாயிக்கு நாணை இழுத்துப் பிடிக்கும் சிறு நரம்பு ஒன்று அறுவையில் அடிபட்டதென்று அறுவை மருத்துவ மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகள் அவர் பேரைச் சொல்லியே பாடம் நடந்தது. பிற்பாடு வந்த ஆய்வாளர்கள், அறுவைக்கு முன்பே அவர் குரல் இறங்கத் தொடங்கியிருந்தது என்று காட்டி இதை மறுத்தார்கள். கழலையே மூச்சுக்குழாயை ஆண்டுக்கணக்கில் அழுத்தியிருந்தது. எனக்கு மறுத்தவர்களின் வாதம் வலுவாகப் படுகிறது. ஆனாலும் தைராய்டு அறுவைக்கு முன், நான் பாடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லவேண்டும் என்ற வழக்கம் நல்ல வழக்கம்.

நம் ஊர் அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு இவற்றுக்கு ஐரோப்பாவில் இணை உண்டா?

அதிமதுரம் அப்படியே அங்கேயும் உண்டு. கிரேக்கர் காலத்திலிருந்து இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுத்துவந்த அதே வேர்தான், தொண்டை மிட்டாய்களின் அடிப்படைச் சரக்காக இருந்தது. வாயில் அடக்கிக்கொண்டால் உமிழ்நீர் ஊறும், தொண்டை நனையும், இருமல் அடங்கும். இதமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. விழுங்குவது எதுவும் குரல் நாணில் நேராகப் படாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். உணவும் நீரும் போகும்போது குரல்வளை மூடிக்கொள்ளும். நாணில் நேரே படுவது காற்றும் ஆவியும் மட்டும்தான். அதிமதுரத்தைத் தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், அழுத்தக்காரர்கள் கவனிக்கவேண்டும்.

அந்த வைத்தியங்களில் எது இன்றும் இருக்கிறது?

ஓய்வு, ஆவி, உப்புநீரில் மூக்கு கழுவுவது, குரல் பயிற்சி. கார்சியாவின் கண்ணாடி இன்றும் பல காது மூக்கு தொண்டை டாக்டர்களின் மேசையில் இருக்கிறது, கூடவே கேமரா குழாயும் வந்துவிட்டது. சில்வர் நைட்ரேட் மூக்கில் ரத்தம் வடியும் இடத்தை அடைக்கப் பயன்படுகிறது. பாடுபவரின் குரல் நாணில் அதைப் பூசுவதில்லை. முடிச்சுக்கு முதல் வைத்தியம் குரல் பயிற்சிதான், கத்தி கடைசியில்தான்.

கச்சேரிக்கு முன் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு பாடலாமா? இது பழைய கோகெய்ன் கதை மாதிரி இல்லையா?

ஸ்டீராய்டு வகை மருந்தான கார்ட்டிசோன் 1948-ல் முதன்முதலாக மூட்டுவாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. அது வீக்கத்தை வேகமாக வடிக்கும் என்று தெரிந்ததும் பாடகர்களும் தேடி வந்தார்கள். கோகெய்ன் போல மயக்குவது அல்ல, மருத்துவத்தில் உரிய இடம் உள்ள மருந்து. நெருக்கடி மட்டும் அதேதான். வீக்கம் வடிந்தவுடன் குரல் சரியாகிவிட்டது என்று தோன்றும், நாண் இன்னும் புண்ணாகவே இருக்கும். நாணில் ரத்தக்கசிவு இருக்கும்போது பாடினால் நிரந்தரத் தழும்பு விழலாம். ஆகவே யாராவது போன் பேசியே மாத்திரை எழுதிக்கொடுத்தால் வாங்காதீர்கள். முதலில் டாக்டர் குழாய் விட்டு நாணைப் பார்க்கட்டும். பாடலாமா, ஒத்திவைக்கலாமா என்று அதற்குப் பிறகு கேளுங்கள். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால், பாடுபவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஈ.என்.டி. டாக்டரைப் பார்த்துவிடுங்கள். புகை பிடிப்பவர்கள் அதற்கு முன்பே போகலாம்.